பதினைந்துக்கு மூன்று

“அந்தம்மாவுக்கு ரெண்டு சொட்டுக் கண்ணீர எழுதிக் குடுத்துடு மாப்ள. பதினஞ்சுக்குப் பதினாலு விழுகும்.”

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது இது. சொன்னவன் கீழ்ப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தான். நான் மேலேயே நின்றுவிட்டேன். அந்தம்மா என்றால் நான்தான். இந்தத் துறையில் சேர்ந்த அன்றைக்கே ஆண் என்றால் ஐயா, பெண் என்றால் அம்மா ஆகிவிடுவோம். எனக்கு இருபத்தேழு வயது, அவனுக்குப் பத்தொன்பது. நாளையிலிருந்து உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலியில்தான், வேறு நாற்காலி கிடையாது. இது வருகைப் பதிவேடு. இது பீரோ சாவி, பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மேலே தூக்கித் திருப்ப வேண்டும். இது இரண்டாமாண்டு பி.காம். சி பிரிவின் கட்டுரைக் கட்டு. அறுபத்திரண்டு பேர், எல்லாரும் பையன்கள். எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார் துறைத்தலைவர். ஒப்படைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். தலையாட்ட வேண்டாம், தெரியும். அதனால் நான் சொல்வதையும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள். என் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்குக் குரல் சின்னது. அவ்வளவுதான் என் தப்பு.

நான்காவது அலகு, தன்னனுபவக் கட்டுரைகள். தலைப்பு ‘காயமும் ஆண்மையும்’. ஐந்து கட்டுரைகள், ஐந்தும் ஆண்கள் எழுதியவை. ஆண்பிள்ளையாக வளர்க்கிறோம் என்று சொல்லித் தங்களை என்னென்ன செய்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். ஒருவருக்கு அப்பாவின் பெல்ட். இன்னொருவருக்கு விடுதி. மூன்றாமவர் அம்மா செத்த அன்று அழாமல் பந்தல்காரனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்ததை எழுதியிருப்பார். முதல் நாள் அதை வாசித்தபோது கடைசி பெஞ்சில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். எனக்குப் பிடிக்கவில்லை. இது என்ன இழவு வீடா?

கரும்பலகையில் எழுதினேன். “அவருக்கு என்ன நடந்தது என்று கேட்காதே. அவர் உன்னை என்ன செய்கிறார் என்று கேள்.” எழுதுவது எனக்குச் சுலபம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். அப்புறம் ஒவ்வொரு உத்திக்கும் ஒரு குறி வைத்தேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஓரத்தில் வட்டம். பெரிய வலியைச் சொல்லாமல் ஒரு சின்னப் பொருளைக் காட்டினால் முக்கோணம். பந்தல் கயிறு முக்கோணம், பெல்ட்டின் கொக்கி முக்கோணம். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போனால் கேள்விக்குறி. முதலில் தன் சின்னத் தப்பு ஒன்றை ஒத்துக்கொண்டு நம் நம்பிக்கையை வாங்கிக்கொண்டால் அடிக்கோடு. கடைசியில் வெட்டின மாதிரி ஒரு குட்டி வாக்கியம் வந்தால் அதன் மேல் குறுக்குக்கோடு.

ஆறு வாரம். அறுபத்திரண்டு பேரும் பென்சிலை எடுத்தால் முக்கோணம் போடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இந்த அலகை நடத்தியவர் கட்டுரையை வாசித்துவிட்டு “அப்பா அம்மாவ மதிக்கணும்ப்பா” என்று முடித்துவிடுவாராம். நான் கற்றுக்கொடுத்தேன். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு, சொந்தமாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பதினைந்து மதிப்பெண். வந்தது கட்டு. பேருந்தில் மடியில் வைத்துத் திருத்தினேன். ஹரிஹரசுதன் என்று ஒருவன், வெள்ளையாக, எப்போதும் சீப்பு வைத்திருப்பான். அவன் படம் வரைகிற நோட்டை அவன் அப்பா வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார், படம் வரைவது பொம்பளைப் பிள்ளை வேலை என்று. ‘அன்று அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்தேன்’ என்று முடித்திருந்தான். நான் அழுதேன். பேருந்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. பதினான்கு போட்டேன்.

மாடிப்படியில் நின்று பேசினவன் அவன்தான்.

அந்த வாரமே விளையாட்டு விழா. அவன் அப்பா டிபன் கேரியரோடு வந்தார். மைதானத்திலேயே உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டால் அவன் முகத்தைத் துடைத்து, “சாப்புடு தங்கம், மொதல்ல தயிர்ச்சோத்தச் சாப்புடு” என்கிறார். எரித்த அப்பாவாம். நான் கற்றுக்கொடுத்த முக்கோணத்தை எடுத்து என் மேலேயே போட்டுவிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என் குரல் நடுங்கும், அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி இந்தப் பையன்களின் ஒரு வரியையும் நம்புவதில்லை.

இப்போது பூவரசனிடம் வருகிறேன். அவனுக்காகத்தானே நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்குப் பேச வராது, ஆனால் பார்க்க வரும். வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று அப்படியே சொல்வேன். பூவரசன் பையன்களுக்கு இடது கை ஓரம், மூன்றாவது பெஞ்ச், ஜன்னலை ஒட்டி. முதல் நாளிலிருந்து அந்த ஒரே இடம். வேறு எவனாவது அங்கே உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவான். நான் பாடத்தை ஆரம்பித்தேனோ இல்லையோ, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். முழுப் பாடமும் அப்படியே. வெளியே என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டியும் இரண்டு வேப்பமரமும். என் முகத்தைப் பார்க்கக்கூட அவனுக்கு விருப்பமில்லை, அவ்வளவு அலட்சியம்.

இரண்டு தடவை எழுந்து நின்று, “இன்னொருக்கா சொல்லுங்கம்மா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆரம்பத்தில் மற்றவர்களும் “சத்தமாங்கம்மா, சத்தமாங்கம்மா” என்று கத்துவார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். இவன் மட்டும் விடவில்லை. என் குரலைக் கிண்டல் செய்வதற்கு இவனுக்கு இதுதான் வழி.

நீங்களும் மெதுவாகத்தான் பேசுகிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். உங்களுக்கும் நடக்கும்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள், “எழுந்து வா” என்று அவனை ஜன்னலிலிருந்து கிளப்பி, எதிர் ஓரத்தில், வலது பக்கச் சுவரை ஒட்டி உட்காரவைத்தேன். இனி எங்கே திரும்புவாய், சுவரைப் பார். அவன் ஏதோ சொல்ல வந்தான். “உட்காரு” என்றேன். உட்கார்ந்தான். அன்றிலிருந்து திமிர் இன்னும் ஏறிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்று தடவை. பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடித்தால்தான் எழுவான். எழுந்து நின்று, என்ன என்பதுபோல் என் வாயைப் பார்ப்பான். வாயை! ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு “உட்காரு” என்பேன். அதற்கும் நிற்பான்.

இரண்டாவது கட்டுரை வந்தது. அவனுடையதுதான் இருப்பதிலேயே நன்றாக எழுதப்பட்ட கட்டுரை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

விஷயம் இதுதான். அவன் அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி இருக்கிறது. இந்த ஊரில் யாருக்கு இல்லை? பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் எவனோ அடித்து இவன் அழுதுகொண்டு வந்தானாம். “இவன ஆம்பளையாக்கிக் கூட்டிட்டு வாரேன்” என்று அப்பா அந்தக் கோடை விடுமுறையில் வடக்கே ராய்ப்பூர்ப் பக்கம் ரிக்கில் ஏற்றிக்கொண்டு போனாராம். கம்ப்ரசர் சத்தம் தாங்கவில்லை. மாத்திரை டப்பாவில் இருந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டான். ‘கேட்காமல் எடுத்தது என் தப்புதான்’ என்று எழுதியிருந்தான். அடிக்கோடு போட்டேன். அப்பா வேலைக்காரர்கள் முன்னால் அந்தப் பஞ்சைப் பிடுங்கி, பொட்டப்புள்ளையா நீ என்று கேட்டு, மண்ணில் போட்டு மிதித்தார். பதில் இல்லாத கேள்வி, கேள்விக்குறி. பஞ்சு, முக்கோணம். ஒன்பதாவது நாள் இவனுடைய இடது பக்கத்தில் காற்றுக்குழாய் வெடித்தது. இவன் அழவில்லை. அப்பா தோளில் தட்டி, இப்போதுதான் என் மகன் என்றார். ‘தோள்’ என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. நாலு வட்டம்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் அம்மாவோடு பேச போனை இடது காதில் வைத்தானாம். ஒன்றும் கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டது என்று அப்பாவிடம் கொடுத்தானாம். அப்பா வாங்கி அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். கடைசி வரி: ‘போன் நல்லாத்தான் இருந்தது.’

குறுக்குக்கோடு.

பார்த்தீர்களா? ஒன்று விடாமல் எல்லாம் இருக்கிறது. உண்மையில் அடிபட்டவன் இவ்வளவு ஒழுங்காக எழுதுவானா? திக்குவான், திணறுவான், பாதியில் விடுவான். இவன் தச்சன் மாதிரி அளந்து வைத்திருக்கிறான். கீழே எழுதினேன், சிவப்பில். ‘உத்திகள் அனைத்தும் சரி. நம்பும்படி இல்லை. 3/15.’

என் வீட்டைச் சொல்லட்டுமா உங்களுக்கு? என் குரல் அடுத்த அறைக்குக் கேட்டால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார், தட்டு மட்டும் நகரும். இன்னமும் ஒரு தட்டு தரையில் உரசினால் எனக்கு வாய் மூடிக்கொள்ளும். அதையெல்லாம் நான் கட்டுரையாக எழுதினேனா? பதினைந்துக்கு மதிப்பெண் கேட்டேனா? இவர்களுக்கு மட்டும் என்ன?

சரி. அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கட்டுரையைப் பெயர் சொல்லாமல் வாசித்தேன். பெயர் சொல்லவில்லை, அந்த அளவு நாகரிகம் எனக்கு உண்டு. வாசிக்க வாசிக்கக் கரும்பலகையில் குறிகளைப் போட்டுக்கொண்டே போனேன். “இதுதான் போலிக் கண்ணீர், எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள்” என்றேன். நாலாவது வட்டம் போட்டபோது சிரிக்க ஆரம்பித்தார்கள். குறுக்குக்கோடு போட்டபோது பெஞ்சைத் தட்டினார்கள்.

பூவரசனும் சிரித்தான்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவன், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தான், முன்னால் இருந்தவர்களைப் பார்த்தான், பிறகு அவர்களோடு சேர்ந்து சிரித்தான். தன் காது போன கதையைத் தானே கேட்டுச் சிரிப்பானா ஒருவன்? அப்போதே எனக்கு நிச்சயமாகிவிட்டது. இதைத் துறைத்தலைவரிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தாள்களைக் கொடுத்ததும்தான் அவன் சிரிப்பு நின்றது. தாளைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான். தன் நோட்டை எடுத்துக்கொண்டு, என்னிடம் கேட்காமல், வெளியே போய்விட்டான். மதிப்பெண் குறைந்தால் கோபம் வரத்தானே செய்யும்? மூன்று போட்டால் அகமதிப்பீட்டில் தேற முடியாது, அடுத்த வருடம் இந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும். அதுதான் அவன் கவலை.

அந்தத் தாளை எவனோ படம் பிடித்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டான். அது சுற்றிச் சுற்றி அவன் அப்பாவுக்கே போய்விட்டது. வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் பீரோ பக்கம் ஒதுங்கினேன். அவரோ சிரிக்கிறார்.

“வணக்கமுங்க. பூவரசனோட அப்பாங்க. புள்ளீங்க கத எழுதறதுங்க, அதப்போயி பெருசா எடுத்துக்காதீங்க. என்ற பையனுக்குக் காதுல என்னங்க கொற? சிங்கமாட்ட இருக்கறானுங்க.”

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பூவரசனின் தோளில் ஓங்கித் தட்டினார். அவன் அசையவில்லை. கொஞ்சம் குனிந்தான், அவ்வளவுதான்.

பெற்ற அப்பாவே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? துறைத்தலைவர் பக்கம் திரும்பினேன். சென்னியப்பன் ஐயா மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை.

அதோடு முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது யார் தெரியுமா? ஹரிஹரசுதன். பதினான்கு வாங்கின அதே ஹரிஹரசுதன். ஐம்பத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொண்டுவந்தான். “அவனுக்கு நெசமாவே கேக்காதுங்கய்யா. மொத வருசத்துலருந்தே எங்களுக்கெல்லாம் தெரியும். அதனாலதான் அந்த ஜன்னலோர சீட்டு அவனுக்குனு விட்டு வெச்சிருந்தோம். அம்மாதான் மாத்திட்டாங்க.” என் முன்னாலேயே சொல்கிறான். தெரியுமென்றால் அன்றைக்கு ஏன் பெஞ்சைத் தட்டினாய் என்று கேட்டேன்.

“நீங்க வாசிச்சதுல பாதி கேக்கவே இல்லீங்கம்மா, யாரோடதுன்னு தெரியல. காது போன கதைய அவன் எங்ககிட்டயே சொன்னதில்லைங்க.”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான்.

ஐயா பூவரசனை ஈரோட்டுக்கு அனுப்பிக் காதைச் சோதித்துவரச் சொன்னார். ஒரு தாள் வந்தது. கட்டம் போட்ட தாள், அதில் இரண்டு கோடு. ஒரு கோடு மேலேயே போகிறது, இன்னொன்று பள்ளத்தில் விழுந்த மாதிரி அடியில் கிடக்கிறது. இடது காதாம். சரி, கேட்காது, இருக்கட்டும். குழாய் வெடித்து என்று அதில் எழுதியிருக்கிறதா? பஞ்சைப் பிடுங்கினது எழுதியிருக்கிறதா? நான் கேட்டேன். ஐயா சொன்னார், “லோகநாயகி, அந்தப் பையனக் கூப்பிட்டிருக்கேன். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிச்சுடுங்க. மார்க்க மாத்திப் போட்டுடலாம். பெரிசு பண்ண வேண்டாம்.” அடுத்த ஆண்டுக்கான கௌரவ விரிவுரையாளர் பட்டியல் அவர் மேசையில்தான் இருந்தது. என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பேனா.

போன வியாழக்கிழமை. இந்த அறைதான், இந்த மேசைதான். ஐயா அங்கே. நான் இங்கே, இதே இடத்தில். பூவரசனுக்கு என் வலது பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலி. அவன் வந்து உட்கார்ந்து நேராக ஐயாவைப் பார்த்தான்.

நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். “நான் அப்படி வாசித்திருக்கக் கூடாது” என்றேன். மேசையைப் பார்த்துத்தான் சொன்னேன், வேறு எங்கே பார்த்துச் சொல்வது? மேலே மின்விசிறி வேறு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அசையவே இல்லை. ஐயாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“பூவரசு, அம்மா சொன்னது கேட்டுச்சாப்பா?” என்றார் ஐயா, உரக்க.

“இல்லீங்கய்யா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க, லோகநாயகி.”

ஒரு தடவை சொல்வதற்கே எனக்கு என்ன பாடு என்று யாருக்குத் தெரியும்? வேண்டுமென்றே செய்கிறான் என்று ஐயாவிடம் சொல்ல வாயெடுத்தேன். வெளியே வராந்தாவில் யாரோ சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்தார்கள். எடுத்த வாய் மூடிக்கொண்டது. சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். நானாகத்தான் வைத்தேன், யாரும் கேட்கவில்லை. பட்டியலிலிருந்து நான்தான் போகிறேன் என்று அவர்களுக்குப் புரியட்டும். ஐயா பேனாவை எடுக்கவும் இல்லை, சாவியைத் தொடவும் இல்லை.

அப்போது பூவரசன் எழுந்தான். போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினான், தரையில் உரசாமல். மேசையைச் சுற்றி, ஐயாவின் பின்னால் நடந்து, என் இடது பக்கம் வந்தான். எனக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டான். கொஞ்சம் பின்னால் தள்ளிச் சரிசெய்து உட்கார்ந்தான். வலது காதை என் பக்கம் சாய்த்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.